அண்டங்காகத்துக்கு வைத்த எள்ளுச்சோறு

இன்று காலை எள்ளு வறுத்தபோது வீட்டுப் புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. துவாயால் விசிறி அதை ஒருவழியாக அடக்கிவிட்டுப் பார்த்தால், பல்கனிக் கம்பியில் காகம் வந்து குந்தியிருக்கிறது. புரட்டாதிச் சனி என்று அதற்கு யார் சொன்னார்களோ! இந்த ஊர்க் காகத்துக்கு உடம்பு சாம்பல் நிறம். தலையும் செட்டையும் வாலும்தான் கறுப்பு. நான் இக்காஸ்ட் என்ற இந்த டெனிஷ் ஊருக்கு வந்த புதிதில், துணி ஆலையில் என்னோடு வேலைக்கு நின்ற நண்பன், "இது வெள்ளைக்காரக் காகமடாப்பா, உன்ர எள்ளுச்சோறு தின்னாது" என்று பகிடி பண்ணினான். தின்றது. அந்த ஆலை இப்போது இல்லை.

சனி விரதத்தில் காகத்துக்கு வைத்த பிறகுதான் நாங்கள் வாயில் வைப்போம், உங்களுக்குத் தெரியும்தானே. வாழையிலைக்கு இங்கே எங்கே போவது? காகிதத் தட்டுத்தான். மகள் சின்னவளாக இருந்தபோது காகத்தைக் கூப்பிடுவது அவளின் வேலை. பிஜாமாவோடு பல்கனியில் நின்று "கா... கா..." என்று அவள் கத்த, கீழ்வீட்டு டெனிஷ் மனுசி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பா. எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்லும் பிள்ளை, காகத்தோடு மட்டும் தமிழ்! எனக்கு அதில் பெரிய பெருமை.

ஆனால் எள்ளு மணத்தோடு எனக்கு வெட்கமும் வந்துவிடுகிறது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. இலையுதிர்கால விடுமுறைக்கு அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடம், அதாவது என் மனைவியின் தம்பியிடம், போயிருந்தோம். கடைசிப் புரட்டாதிச் சனியன்று அவன் எங்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனான். மனைவி தலையிடி என்று வீட்டில் நின்றுவிட்டாள். ஆனாலும் எள்ளுச்சோறு கட்டித் தந்துதான் அனுப்பினாள்.

பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்திருந்தேன். அங்கே கல்லும், வீட்டுயரக் கள்ளிகளும். செங்குத்தான மலையின் குகை வாய்களுக்குள் கல்லும் மண்ணும் குழைத்துக் கட்டிய வீடுகள். பல நூறு வருடங்களுக்கு முன் அங்கே குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டிருக்கின்றன. குகைக் கூரையில் அடுப்புப் புகையின் கரி இன்னும் இருந்தது. சுவரில் மண் பூசியவர்களின் விரல் தடம்கூட அழியவில்லை. நான் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். "தொடக்கூடாது" என்று மகள் டெனிஷில் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சோற்றை அவிழ்க்க வீடுகளுக்குக் கீழே வந்து இருந்தோம். அப்போதுதான் அவை வந்தன. இரண்டு அண்டங்காகங்கள், அடிமுதல் முடிவரை கறுப்பு. இத்தனை வருடம் சாம்பல் காகத்துக்கு வைத்தவனுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்! பக்கத்திலேயே பலகை இருந்தது: விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவு கொடுக்காதீர்கள். வாசித்தேன். வாசிக்கவில்லை என்று உங்களுக்கும் பொய் சொல்லலாம், வேண்டாம். மகள் அந்தப் பலகையை விரலால் காட்டினாள்.

"தீனி போடுறது வேற, படைக்கிறது வேற, பிள்ளை. இது விரதம். நீ கூப்பிடு."

அவள் கூப்பிடவில்லை. தட்டையான கல்லொன்றில் மூன்று கைப்பிடி வைத்து நானே கூப்பிட்டேன். வந்து தின்றன. "சனீஸ்வரன் அமெரிக்காவுக்கும் வந்திட்டார், அத்தான்!" என்று மச்சான் கைதட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைப் பராமரிக்கும் பூங்காக் காவல் அலுவலர் வந்தார், தொப்பி போட்ட நடுவயதுப் பெண். காகங்கள் பறந்தன, கல்லில் பாதிச் சோறு கிடந்தது. அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ஆமையோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நடுவில் கொத்திய ஓட்டை. மனிதரின் சாப்பாடு கிடைத்தால் காகங்கள் அங்கேயே தங்கிப் பெருகிவிடும், பிறகு சுற்றுவட்டாரத்து ஆமைக்குட்டிகளைத் தேடிக் கொத்தும் என்றார். ஓடு இறுக வருடக்கணக்காகுமாம், அதுவரை நகத்தைப்போல மெல்லிசுதானாம். பிறகு, "இதை யார் வைத்தது என்று கண்டீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை, நாங்கள் இப்போதுதான் வந்தோம்" என்றேன். வழக்கமாகத் திக்குகிற என் ஆங்கிலம் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. மச்சான் வானத்தைப் பார்த்தான்.

மகள் கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, சோற்றையும் எள்ளையும் பொறுக்கிப் பொறுக்கித் தன் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டாள். பெட்டிக்குள் அவளுடைய பங்கு எள்ளுச்சோறு அப்படியே இருந்தது. அலுவலர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல், அவளுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சீ, விரதக்காரனாம் விரதக்காரன்! அந்த இடத்திலேயே செத்துப் போகலாம்போல இருந்தது.

அடுத்த புரட்டாதியில் தட்டை எடுத்துக்கொண்டு, "வா பிள்ளை, காகத்தைக் கூப்பிடு" என்றேன்.

"நீங்களே கூப்பிடுங்கோ, அப்பா" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு இந்தப் பல்கனியில் அவள் குரல் கேட்டதில்லை. இப்போது வளர்ந்து, வேறு ஊரில், அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறாள். அன்பான பிள்ளை, அந்தப் பொய்யை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இன்றைக்காவது கேட்போம் என்று காலையில் போன் எடுத்தேன்.

"என்னப்பா, விடியக்காத்தாலை?"

"ஒண்டுமில்லை பிள்ளை. எள்ளு வறுக்க அலாரம் அடிச்சிட்டுது."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், நானே கூப்பிட்டேன்.