மெஹருன்னிசா எடுக்காமல் விட்ட பக்கம்

மெஹருன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் வேலையைச் சொல்ல வேண்டும். அது என்ன வேலை என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று. மலேசியாவில் பெண்டாங் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். அங்கே அவள் வாத்தியாரும் இல்லை, கணக்கெழுதும் கிராணியும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி வெப்சைட்டில் எழுதியிருப்பதெல்லாம் சரியாக இருக்கிறதா, பழசாகிப் போயிற்றா, தேடி வருகிறவனுக்குத் தேடியது கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தப்பாக எழுதியவர்களை விரட்டித் திருத்த வைப்பதும் அவள்தான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி நளினி எழுதுகிறாள். ஆனால் மனுஷியைத் தெரியும்.

சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பஷீர் பாயின் மூத்த மகள் அவள். கடை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் அன்றைய கறி, மீன் என்னவென்று எழுதுவது அவள் பொறுப்பு. கோலா கெடாவிலிருந்து வந்த மீன் தீர்ந்ததென்றால் உடனே அழித்துவிடவும் வேண்டும். ஒருநாள் அழிக்க மறந்துவிட்டாள். மீன்தலைக் கறிக்காகவே மோட்டாரில் வந்த ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு ஆசையாய் உட்கார்ந்தார். இல்லை என்றதும் எழுந்து போய்விட்டார். பஷீர் பாய் மகளை அடிக்கவில்லை. "இல்லாத மீன எழுதி வெச்சு ஒரு மனுசனோட பசியக் கெளப்பி விட்டுட்டியேமா" என்று மட்டும் சொன்னாராம். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோகும்.

ஆபீசில் அவளுக்குப் போலீஸ் என்று பெயர். கண்ணாடியை முக்காட்டுக்கு மேலே ஏற்றிவிட்டு, அதையே மேசையெல்லாம் தேடுகிற போலீஸ். பரஞ்சோதி என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டு இப்படிக் கேட்பாளாம்: "டாக்டர், போன வருசம் முடிஞ்ச கூட்டத்துக்கு உங்க வெப் பக்கத்துல இன்னும் ஆள் கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க. நான் வரவா வேணாமா?" அவர் தலையில் நிறைய முடி இருந்த காலத்துப் படத்தை மாற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர். அதற்கும் விடவில்லை. "உங்களைத் தேடி வர்ற பிள்ளைங்க உங்க முன்னாலயே நின்னுக்கிட்டு உங்களைத் தேடுதுங்க டாக்டர்" என்றிருக்கிறாள். மனிதர் மறுநாளே புதுப்படம் அனுப்பிவிட்டார்.

இவ்வளவு கண்டிப்பானவள் ஒரு தப்புச் செய்தாள். அந்தத் தப்பால்தான் அவளை எனக்குத் தெரியும்.

ஒரு வருடம், புது மாணவர் பதிவுக்குச் சில நாள் முன்னால், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் முகப்பில் நின்று தலையணை கொண்டுவர வேண்டுமா, பணம் எங்கே கட்டுவது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது, மலாயிலும் ஆங்கிலத்திலும். அவருக்கு மலாய் பேச வரும், வாசிக்க வராது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து தமிழில் ஒரு பக்கம் எழுதி வெப்சைட்டில் போட்டுவிட்டாள். எந்த நாள் வர வேண்டும், எந்த வாசல், என்ன கொண்டுவர வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டு வரும்போது யாரிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது.

அவளுக்கு மேலதிகாரி ஃபரா மேடம், மலாயில் புவான் ஃபரா, அதை எடுக்கச் சொல்லிவிட்டார். ஆபீசில் தமிழ் வாசிக்க இன்னொரு ஆள் இல்லை. எழுதியவரைத் தவிர வேறொருவர் சரிபார்க்க முடியாத பக்கம் எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியதே மெஹருன்னிசாதான்! என்ன செய்வாள்? வெப்சைட் முகப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகிற வழியை மட்டும் எடுத்தாள். பக்கத்தை அழிக்க மனசு வரவில்லை. வழி இல்லாத பக்கத்துக்கு யார் வரப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நாங்கள் வந்தோம்.

நளினிக்கு அங்கே இடம் கிடைத்தது. பதியும் தேதியை வெப்சைட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதத்தில் போட்டிருந்தது. என் மகன் சுகுமாரன் போனில் தமிழிலேயே தேடினான். தமிழிலேயே கிடைத்துவிட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மலாய் பக்கத்துலயும் ஒரு தடவ பாத்துருங்கப்பா" என்றாள் நளினி.

"எதுக்குலா? நம்ம ஆளு நமக்குன்னே எழுதி வெச்சிருக்கு. தலையணை கொண்டு வான்னுகூடப் போட்டிருக்கு. இதைவிட வேற என்ன வேணும்?"

தேதி இருந்தது, வருடம் இல்லை. அது முந்திய வருடத்துத் தேதி. ஈமெயிலும் வந்ததாம், அது வேண்டாத கடிதங்களோடு எங்கோ கிடந்ததாம். ஒரு வேன் பிடித்து, புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் பொட்டலம் கட்டி, சொந்தக்காரர்கள் எல்லோருமாகப் போய் இறங்கினோம். மண்டபத்தில் கூட்டம் இல்லை. ஒருவர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பதிவு போன வாரமே முடிந்துவிட்டது, வராதவர்களின் இடமெல்லாம் இன்று மாலை ஆபீஸ் மூடும்போது காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் போய்விடும் என்றார்கள்.

நளினி அழவில்லை. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி அடுக்குகிறவர் அதையும் எடுக்க வந்தார். "தம்பி, இந்த ஒண்ணு இருக்கட்டும். பிள்ளையச் சேத்துக்கிட்டாத்தான் எந்திரிப்பேன்" என்று மலாயில் சொன்னேன். தோட்டத்து மலாய்தான், ஆனால் அவருக்குப் புரிந்தது.

பதிவு அதிகாரி இர்வான் மலாய்க்காரர், மரியாதையாக என்சிக் இர்வான் என்பார்கள், நல்ல மனிதர்தான். சுகுமாரன் நீட்டிய போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து புரியவில்லை. பல்கலைக்கழகத்துச் சின்னம் மட்டும் தெரிந்தது. உடனே வெப்சைட் ஆபீசுக்குப் போன் போட்டார். கண்ணாடியைத் தலையில் ஏற்றிய ஒருத்தி அவசரமாக வந்தாள். அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன்.

"மெஹரு, இது நம்ம பக்கமா? இல்ல, யாராவது ஏமாத்துக்காரன் போட்டதா?" என்று அவர் மலாயில் கேட்டார். "பொய்ப் பக்கம்னா சொல்லிடு. இவங்க பாவம்தான், ஆனா நம்ம தப்பு இல்லன்னு ஆயிடும்."

அவர் அவளுக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்பது எனக்கே புரிந்தது. அங்கே நின்றவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்களும் அவளும் மட்டுமே. ஆமாம், பொய்ப் பக்கம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பிவிடுவாள், நாங்கள் வேனில் ஏறிவிடுவோம்.

அவள் போனைப் பார்த்தாள். பிறகு நளினியின் தலையணையைப் பார்த்தாள்.

"நம்மதுதான் என்சிக். நான்தான் எழுதினேன்."

"எடுக்கச் சொன்னதுதானே?"

"சொன்னாங்க. நான்தான் முழுசா எடுக்கல."

என்சிக் இர்வான் நெற்றியைத் தடவினார். பல்கலைக்கழகத்தின் தப்பால்தான் இந்தப் பெண் தாமதமாக வந்தாள் என்று வெப்சைட் ஆபீசிலிருந்து எழுத்தில் வந்தால் இன்றே பதிந்துவிடலாம் என்றார். எழுத்தில் என்றால் புவான் ஃபராவின் கையெழுத்தும் வேண்டும். மெஹருன்னிசா எங்களிடம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"பாட்டி, சாப்பிட்டீங்களா?"

"நீ போயி ஆக வேண்டியதப் பாரு மொதல்ல."

"நான் வர்ற வரைக்கும் எங்கயும் போயிடாதீங்க."

"நான் எங்க போறேன்? நாற்காலியோட ஒட்டிக்கிட்டேன்."

மேல்மாடியில் புவான் ஃபராவின் அறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும். புவான் ஃபராவுக்குக் கோபம் வந்திருக்கிறது, வரத்தானே செய்யும். ஆனாலும் அவளைக் காப்பாற்றவே பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று எழுதிவிடலாம், யார் பெயரும் வர வேண்டாம் என்றாராம். மெஹருன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை. கோளாறு என்று எழுதினால் அது என்ன கோளாறு என்று விசாரிக்க ஒரு குழு உட்காரும். அது முடிவதற்குள் நளினியின் இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கும். எழுதியது நான், எடுக்கச் சொல்லியும் எடுக்காதது நான், அதை நம்பி இந்தக் குடும்பம் வந்தது என்று நேராக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புவான் ஃபராவும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இது உன் பைல்ல நிக்கும், தெரியுமா?"

"தெரியும் புவான்."

ஆபீஸ் மூடுவதற்கு முன்னால் நளினியைப் பதிந்துவிட்டார்கள். நானும் நாற்காலியை விட்டு எழுந்தேன். கால் மரத்துப் போயிருந்தது. மெஹருன்னிசாதான் தோளில் கைபோட்டுத் தூக்கிவிட்டாள். வேனுக்குப் பக்கத்திலேயே புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தோம். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே சாப்பிட்டாள். சம்பல் காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரம்தானா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு மேலே போனவள், அந்தப் பக்கத்தை முழுவதுமாக அழித்துவிட்டாளாம். அதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருடம் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. நளினிதான் பேராசிரியர் பரஞ்சோதி மூலம் கேட்டு வந்து சொன்னாள். நான் உடனே போன் போட்டேன்.

"எங்களால உனக்கு வேலையில கெட்ட பேரு ஆயிடுச்சேம்மா."

"உங்களால இல்ல பாட்டி. என்னாலதான் உங்க பேத்திக்கு இடம் போகப் பாத்துச்சு. கணக்க மாத்திப் போடாதீங்கலா."

நளினி இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வரும்போது மெஹருன்னிசாவும் சில சமயம் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். வந்தால் எங்கள் வீட்டில் சண்டைதான். அந்தப் பக்கத்தை அழித்தது தப்பு என்பது என் கட்சி. தமிழில் வாசிக்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். இந்த வருடமும் எவனோ ஒருவன் முகப்பில் நின்று தலையணை கொண்டுவரணுமா என்று கேட்டிருப்பான்.

போன தீபாவளிக்கு வந்தபோதும் இதே பேச்சு. முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தேதி தப்புன்னா பக்கமே தப்புதான் பாட்டி."

"தேதிய மட்டும் மாத்திட்டு விட்டிருக்கலாம்ல?"

"வருசா வருசம் அத மாத்த நான் ஒருத்திதான் இருக்கேன். நாளைக்கு நான் செத்துப் போயிட்டா?"

"நீ எதுக்குடி சாவுற? வரிசையில முன்னால நான் நிக்கிறேன்ல."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேலிடத்தில் கேட்டிருக்கிறாளாம். தமிழ் வாசிக்கிற இன்னொருவரைச் சரிபார்க்கப் போட்டால் பக்கத்தைத் திரும்பப் போடலாமா என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். பதில் இன்னும் வரவில்லை. வரும் வரைக்கும் ஒரு எழுத்துக்கூடப் போட மாட்டாளாம். என்ன பிடிவாதம் பாருங்கள்!

"அப்ப நான் சொன்னதுதான சரி?" என்றேன்.

"இல்ல பாட்டி. அழிச்சதும் சரி, கேக்குறதும் சரி."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் மத்தியானம் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.