பந்துக்கு வைத்த பொட்டு

பழைய சாமான் விற்கும் ப்ரோக்கிக் கடையில் வாங்கிய, இன்னும் துளை போடாத பழைய பௌலிங் பந்தை இன்று ஆராவ் நகரில் பந்துகளுக்குத் துளை போடும் பீட்டரிடம் கொண்டுபோனேன். நாளைக்குக் கிளப் போட்டி.

இப்படியான பந்துகளில், உள்ளே எடை எங்கே இருக்கிறது என்று காட்ட வெளியே சின்ன நிறப்புள்ளி ஒன்று இருக்கும். அதை வைத்துத்தான் மூன்று விரல் துளைகளுக்கும் இடம் குறிப்பார்கள்.

பீட்டர் சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடித்து, அரை மணிநேரம் அளந்து அளந்து கோடு போட்டார். "இவ்வளவு பெரிய புள்ளியை நான் பார்த்ததே இல்லை" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

துளைக்கும் முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். புள்ளி துணியோடு போய்விட்டது. அசல் புள்ளியை எங்கும் காணவில்லை.

அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் வந்தாலும் வாஷிங் மெஷின் வந்தாலும் என் மனுசி முதலில் குங்குமப் பொட்டு வைத்துவிடுவாள்.

போன் எடுத்தேன். "பந்துக்கும் பொட்டு வச்சனீரோ?"

"ஓம், வச்சனான். ஏன், அழிச்சுப்போட்டாரோ?"

"இப்ப எங்கை துளை போடுறதெண்டு தெரியேல்லையாம்."

"இதென்ன கேள்வி? பொட்டுக்குக் கீழை ரெண்டு கண், அதுக்குக் கீழை வாய்."

மொழிபெயர்த்தேன். பீட்டர் கொஞ்சம் யோசித்தார். "இவ்வளவு பழைய பந்துக்கு நானும் அப்படித்தான் போடுவேன்" என்று துளைத்தே தந்துவிட்டார்.

இப்போது பந்து சோபாவில் இருந்து என்னையே பார்க்கிறது. மனுசி புதுப் பொட்டும் வைத்துவிட்டாள்.

சொல்லுங்கோ, நாளைக்கு அந்தக் கண்ணுக்குள் விரலை விட்டு நான் எப்படி உருட்டுவது?