ரயில் வந்தால் குதிக்க வேண்டும்

தாம்பரத்தில் நான் மூன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடம் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. ரயில் போகும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது. எங்கள் டீச்சருக்குச் சன்னமான குரல். ரயிலோடு போட்டி போட்டுக் கத்தித் தொண்டை கட்டிப்போய், ஒருநாள் அறிவித்தார்:

"இனிமே ரயில் சத்தம் கேட்டா எல்லாரும் எழுந்து, கையைத் தூக்கிக் குதிக்கணும். வண்டி போனதும் உட்கார்ந்துடணும். உடம்புக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

மின்சார ரயில் என்றால் பத்துப் பன்னிரண்டு குதி. கூட்ஸ் வண்டி வந்தால்தான் எங்களுக்குத் திருவிழா.

அந்த வருஷம் பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். கறுப்புக் கோட்டு, பெரிய மீசை. டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பெஞ்சிலிருந்த என்மேல் அவர் கண் விழுந்தது.

"தம்பி, ஏழெட்டு எவ்வளவு?"

எழுந்து நின்றேன். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழாறு வரைதான் எனக்குப் பழக்கம். அதற்கு மேல் போனதில்லை. விழித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலோரப் பையன் கத்தினான்:

"டேய், கூட்ஸுடா! இன்னா நீளமா கீது பாரு!"

நாற்பது பேரும் எழுந்து குதிக்க ஆரம்பித்தோம். யாரைவிடவும் நான் உயரமாகக் குதித்தேன். இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்டார். மீசை அசைந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் பதறிப்போய் ஜன்னலைக் காட்டினார், காதைக் காட்டினார், இரண்டு கையையும் தூக்கிச் சின்னதாக ஒரு குதி குதித்தும் காட்டினார். தன்னையும் குதிக்கச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் அவர். எழுந்து கையைத் தூக்கிக் குதித்தார்.

மூன்றாவது குதியில் கோட்டுப் பையிலிருந்து பொடி டப்பா துள்ளி என் பெஞ்சில் விழுந்து திறந்துகொண்டது. மூக்குப்பொடி புகைபோலக் கிளம்பியது. முதல் தும்மல் என்னுடையது. பிறகு வகுப்பே குதித்துக்கொண்டு தும்மியது, தும்மிக்கொண்டு குதித்தது. டீச்சர் தூக்கிய கையை இறக்காமலே தும்மினார்.

கடைசிப் பெட்டி போனதும் பழக்கப்படி டக்கென்று உட்கார்ந்துவிட்டோம். அது தெரியாமல் இன்ஸ்பெக்டர் மட்டும் இன்னொரு முறை குதித்தார். அந்த அமைதியில் பூட்ஸ் சத்தம் தொப்பென்று கேட்டது. சிரிக்கக் கூடாதென்று வாயைப் பொத்தினோம். தும்மல் வந்து காரியத்தைக் கெடுத்தது.

"மன்னிச்சுக்குங்க சார்..." டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அடுத்த கூட்ஸ் எப்பம்மா?"

"அது சொல்ல முடியாது சார். மின்சார ரயில் இதோ வந்துடும்."

"பரவாயில்லை," என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.