பயமில்லாத பிள்ளை

ஷெல்லுக்கு அழாத பிள்ளை என்று எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் என் தம்பிக்கு ஒரு பெயர் இருந்தது. அவனுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. கடல் பக்கமிருந்து முதல் சத்தம் வந்ததும் அயலெல்லாம் எங்கள் வளவுக்கு ஓடிவரும். எங்கள் நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே கல் முட்டும். கல்லை உடைத்தால் தண்ணீர் வந்துவிடும். அதனால் நாங்கள் பதுங்கும் பங்கர் பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியேயுமாக இருந்தது. மேலே பனங்குற்றிகள், அவற்றின்மேல் மண்மூட்டைகள். உள்ளே பெரியவர்களே காதைப் பொத்திக்கொண்டு தேவாரம் முணுமுணுப்பார்கள். தம்பி மட்டும் மண்ணில் விரலால் கீறி விளையாடிக்கொண்டிருப்பான்.

"கண்ணைச் சிமிட்டுறானோ எண்டு பாருங்கோ! என்ர மருமோனுக்கு நெஞ்சுக்குள்ள இரும்பு" என்பார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. கரம்பொன்னிலிருந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போக வந்தவர், போகாமலே இருந்தார்.

"அதில அரைவாசி உமக்கு இருந்தாக் காணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா இருட்டுக்குள் இருந்து சொல்வார். "ஷெல் வெளிக்கிட முந்தியே நீர்தானே உள்ளுக்க முதல் ஆள்."

அந்த நெருக்கத்திலும் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த சத்தம் வரும்வரை.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா பனை ஏறுகிறவர். அம்மா ஓலைப்பெட்டி இழைப்பவர். மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதைக்கூட என்னிடம்தான் நீட்டுவார்கள். எனவே தம்பி இன்னும் ஒரு சொல்லும் பேசாதது பற்றியும் என்னிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருந்தது: வீரர்கள் அதிகம் பேசுவதில்லை. அம்மாவுக்கு அது போதவில்லை. வசம்பைச் சுட்டு அவன் நாக்கில் தடவினார். நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைத்தார். இருந்த இடத்தில் இருக்கமாட்டார். ஓலை வாரும்போதும் உலை வைக்கும்போதும் அவனோடு கதைத்துக்கொண்டே திரிவார். அவனோ அம்மாவின் முதுகுப்புறத்தில் மண் அளைந்துகொண்டிருப்பான்.

ஒரு மத்தியானம் ஹெலி தாழப் பறந்து வந்தது. தம்பி ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் வேலிப் படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போயிருந்தான். அம்மா கத்தினார். அப்பா கத்தினார். அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மா ஓடிப்போய் அவனை இழுத்துக்கொண்டு வந்து, பங்கருக்குள் வைத்து முதுகில் ஒரு அடி போட்டார். அதுதான் அவன் வாங்கிய முதல் அடி. அழுதுகொண்டே அவன் அம்மாவின் முகத்தை ஆராய்ந்தான்.

"உது வீரமில்லை, பிடிவாதம்" என்றார் அப்பா.

 மறுநாள் விடியவே அம்மா மிசியைக் கூட்டிவர மாமாவை அனுப்பினார். மிசி என்றால் எங்கள் பகுதி மருத்துவமாது. தீவில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள்.

மிசி தம்பியை அம்மாவின் மடியில் இருத்தச் சொன்னார். பின்னால் போய் நின்று ஒரு கிலுகிலுப்பையை மெல்ல ஆட்டினார். தம்பி திரும்பினான். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை, கை தட்டினேன். பள்ளிக்கூடத்துச் சோதினை என்றால் என்னவென்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

மிசி சிரிக்கவில்லை. "இப்ப பிள்ளையைப் பாயில விடும். நீர் அங்கால போய் இரும், பிள்ளையைத் தொடக்கூடாது" என்றார் அம்மாவிடம்.

தம்பி பாயில் இருந்து ஒரு சிரட்டையை உருட்டினான். கிலுகிலுப்பை ஆடியது. கரண்டி கோப்பையில் தட்டியது. கடைசியில் மிசி அவன் தலைக்குப் பின்னால் தன் கைகளைப் பலமாக அடித்தார். நான் திடுக்கிட்டேன். அவன் சிரட்டையை மறுபக்கம் உருட்டினான்.

"முதல் திரும்பினவனல்லோ!" என்றார் மாமா.

"மடியில வைச்சால் சோதினை எழுதுறது தாய். சத்தம் கேட்ட உடன இவவின்ர உடம்பு அசையும். பிள்ளை அதுக்குத்தான் திரும்பினது. உதையெல்லாம் ஆராய்ஞ்சு பாத்துத்தான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

"ஷெல்லுக்கே பயப்பிடாதவன் மிசி. உந்தக் கிலுகிலுப்பைக்கு என்னத்துக்குத் திரும்புவான்?" மாமா விடவில்லை.

"கேக்கிற பிள்ளை திடுக்கிடும். பிறந்த குழந்தையும் திடுக்கிடும். இவன் பயமில்லாதவன் இல்லை. இவனுக்குக் காது கேக்கேல்லை."

மாமா எழுந்து வேலிப்பக்கம் போய் நின்றார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்ததும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் மிசி. அதுவரை செய்யவேண்டியதையும் சொன்னார். பின்னால் நின்று கூப்பிடக்கூடாது, தொட்டுக் கூப்பிடவேண்டும். அவனுக்கு நேரே இருந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படியாக அம்மா கதைக்கவேண்டும். அவன் ஒரு பொருளைப் பார்த்தால் அதைக் காட்டி, அதன் பெயரைச் சொல்லவேண்டும். ஒரு கணமும் கண்ணை எடுக்கக்கூடாது. நான் எல்லாவற்றையும் வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்துகொண்டேன்.

மிசியின் சைக்கிள் மறைந்த பிறகு அம்மா கேட்டார்: "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரோட கதைச்சனான்?"

செவிப்பறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு நினைவிருந்தது. சொல்ல வாய் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அன்று மாலை முழுதும் நான் மேற்பார்வை செய்தேன். அம்மா குனிந்து பேசினால் "முகத்தைக் காட்டுங்கோ" என்றேன். முற்றத்தில் நின்று பேசினால் வெயில் பக்கம் திருப்பிவிட்டேன். அம்மாவும் சொன்னபடியெல்லாம் திரும்பினார். பொழுதுபடுகிற நேரம் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. எல்லோரும் பங்கருக்குள் போனோம். அம்மா கைவிளக்கையும் கொண்டுவந்து, தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இஞ்சேரும், விளக்கை நூரும்!" என்றார் அப்பா. "எல்லாரையும் சாக்கொல்லப் போறீரே?"

"வெளிச்சமில்லாமல் அவனுக்கு என்னெண்டு..."

"நூரும் எண்டெல்லோ சொல்லுறன்!"

அம்மா ஊதி அணைத்தார். கன்னங்கரிய இருட்டு. தூரத்தில் எங்கோ குண்டு விழ, குற்றிகளுக்கிடையிலிருந்து மண் உதிர்ந்தது.  யாரும் தம்பியின் வீரத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் சிணுங்கத் தொடங்கினான். அம்மா அவனைத் தூக்குவது கேட்டது. பிறகு அவர் கதைக்கத் தொடங்கினார், ஆட்டுக்குட்டியைப் பற்றி, அது படலைக்கு வெளியே ஓடியதைப் பற்றி. நான் கையை நீட்டித் தடவிப் பார்த்தேன். அம்மா அவனுடைய உள்ளங்கையைத் தன் தொண்டையில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"அம்மா, மிசி வெளிச்சத்தில எண்டெல்லோ சொன்னவ. இருட்டில கதைச்சுப் பிரயோசனமில்லை."

"நீ சும்மா கிட பிள்ளை."

அம்மா நிறுத்தியபோது தம்பி அவர் கழுத்தில் தட்டினான். அம்மா மறுபடி கதைத்தார். நிறுத்தினார். தட்டினான். பிறகு அவனிடமிருந்து, அம்மா பேசிய அளவுக்கே நீளமாக, "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

படிப்பித்துக் கொடுத்த முதல் நாளே அம்மா பாடத்தைப் பிழையாகச் செய்கிறாரே என்ற எரிச்சலில், நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.