புது ஓட்டோவை எப்போது வெட்டுவது

கிளைவ் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். என் பெயர் பாலசுந்தரம். கொழும்பில், கொட்டாஞ்சேனைச் சந்தியில் பதினேழு வருஷமாக ஓட்டோ ஓட்டுகிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் புத்தி சொல்கிற வாய் எனக்கு. ஸ்டாண்டில் யார் டயர் மாற்றினாலும் யார் மகளுக்குச் சம்பந்தம் பேசினாலும் அதில் என் அபிப்பிராயம் ஒன்று இருக்கும். கிளைவ் அண்ணனுக்கும் ஒன்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையைக் கொஞ்சம் நிமிர்ந்திருந்து சொல்லியிருப்பேன்.

அவர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் இயக்கியவர். வாட்டசாட்டமான ஆள். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்தாலும் பொறுக்கமாட்டார். அவர் ஓய்வு பெற்ற அதே வருஷம் அவருடைய மனைவி யோசெப்பின் அக்காவுக்குக் கால் போனது. சீனி வருத்தம், நீரிழிவு. செருப்பு கடித்த சின்னப் புண் ஆறாமல் பெருத்து, கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அக்கா ஒரு கப்பல் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். சொல் பிசகாத வாய். அவருக்குக் கால் போனதைவிட, தன்னை ஆட்கள் தூக்குவதுதான் பெரிய துன்பமாக இருந்தது. எங்கே போவதென்றாலும் வாடகை ஓட்டோ வாசலுக்கு வரும், கிளைவ் அண்ணன் அவரை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார், சேலை ஒருபக்கம் விலகும், எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு மாதத்தில் அக்கா பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சுவாமியார் மாத முதல் வெள்ளிகளில் வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்து கொடுத்தார். பொரளைக்குக் கிளினிக் போகும் நாட்களில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்க விடுவார்.

அப்போதுதான் கிளைவ் அண்ணன் புது ஓட்டோ எடுத்தார். ஓட்டோவின் பின் ஆசனத்தில் இடது பாதியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்டவாளத்தில் ஓடுகிற பலகை ஆசனம் ஒன்று பொருத்தினால், அதை வெளியே இழுத்துச் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். அக்கா தானாகவே அதில் நகர்ந்து உட்காருவார். பிறகு உள்ளே தள்ளிவிட வேண்டியதுதான். யாரும் தூக்கத் தேவையில்லை. கிளினிக்கில் வேறொரு பெண்ணின் ஓட்டோவில் இதைப் பார்த்துவிட்டு வந்து அக்கா சொல்லித்தான் வண்டியே வாங்கினார்கள். மற்ற நேரங்களில் அதை அண்ணன் எங்கள் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டுவதாக ஏற்பாடு. அக்காவின் கைவளையல்களும் அதில் போனது எங்களுக்குத் தெரியும்.

வண்டி வந்த நாளில் ஒழுங்கையே திரண்டுவிட்டது. நல்ல சிவப்பு. ஆசனத்தில் பொலித்தீன் உறை மினுங்கியது. கிளைவ் அண்ணன் வேட்டித் துணியால் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றார். ஆசனம் வெட்டுகிற வேலைக்கு எப்போது கொடுப்பது என்று அக்கா கேட்டதற்கு, நம்பர் தகடு வரட்டும் என்றார். நியாயம்தான் என்று எல்லோரும் நினைத்தோம்.

தகடு வந்தது. வெட்டுக் காயத்தோடு வண்டியை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோனால் அழகா என்றார். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கொண்டுபோய், சுவாமியார் தீர்த்தம் தெளித்து, கண்ணாடியில் செபமாலை தொங்கவிட்டுத் திரும்பி வந்தார். அக்கா போகவில்லை. வாசலில் நாற்காலியில் இருந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் கேட்டபோது, ஆசீர்வதித்த வண்டியில் உடனே வாள் வைப்பது சரியில்லை என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். எந்தச் சுவாமியார் அப்படிச் சொன்னார் என்று அக்கா கேட்டார். கிளைவ் அண்ணன் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனார்.

அந்த நேரத்தில்தான் நான் என் திருவாயைத் திறந்தேன். ஸ்டாண்டில் இருவரும் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முதல் சேர்விஸ் முடியும்வரை வண்டியின் உடம்பைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும், கவனம் என்றேன். அது பரவாயில்லை, உண்மையும்கூட. ஆனால் அத்தோடு நிறுத்தினேனா? இல்லை. கிட்டக் குனிந்து, பெரிய அனுபவசாலி மாதிரிச் சொன்னேன்.

"அண்ணன், கோபிக்காதீங்க. சீனி வருத்தக்காரருக்கு ஒரு கால் போனா மற்றதும் நிக்காது. எவ்வளவு காலத்துக்கெண்டு இந்தப் புது வண்டியை நாசமாக்கிறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கன்னத்தில் அறைந்திருக்கலாம். அறையவில்லை. டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, ஹயர் கேட்டு வந்த ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல புத்தி சொன்ன திருப்தியோடு சோறு தின்றேன்.

முதல் சேர்விஸ் முடிந்தது. அதற்குள் தவக்காலம் பிறந்துவிட்டது. தவக்காலத்தில் வீட்டில் புது வேலை தொடங்குவதில்லை என்றார் கிளைவ் அண்ணன். அக்காவும் பக்தியான ஆள்தான், அதனால் ஒத்துக்கொண்டார். ஆனால் அதே தவக்காலத்தில், இரண்டாவது வாரம், அண்ணன் வண்டியை எங்கேயோ விட்டுப் பின்பக்கம் முழுக்கப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். மஞ்சள் எழுத்தில் "யோசெப்பின்", இரண்டு பக்கமும் ரோசாப்பூ, பெயரைச் சுற்றிப் பற்றி அணைகிற சின்ன விளக்குகள். அதை அவர் மனைவிக்குச் செய்த மரியாதை என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார், அதுதான் கேவலம். வண்டியை வாசலில் திருப்பி நிறுத்தி விளக்கைப் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டினார்கள்.

அக்கா ஆற அமரப் பார்த்தார். "பேர் நல்லா இருக்கு," என்றார். "ஆளுக்கு எப்ப இடம்?"

ஒழுங்கையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கிளைவ் அண்ணன் விளக்கை அணைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு ஹயர் இருப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டு நழுவினேன்.

தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருநாளும் கழிந்த மறுவாரம் அக்கா தானே மருதானைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தக் கிளினிக் பெண்ணுக்கு ஆசனம் செய்து கொடுத்த வெல்டிங்காரன் ரிஷாத் என்பவனுடைய இலக்கம் அவரிடம் மாதக்கணக்காக இருந்திருக்கிறது. நேரம் கேட்டு, நாள் குறித்து, அதன்பிறகு புருஷனிடம் அறிவித்தார். தூக்கி ஏற்ற ஒரு கை உதவிக்கு என்னையும் வரச் சொன்னார்கள். தன்னைத் தூக்குவது இதுதான் கடைசித் தடவை என்று ஏறும்போது அக்கா சொன்னார். வழியெல்லாம் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். ஞாயிறு பூசைக்குப் போவது, பூசை முடிந்து கடற்கரைப் பக்கம் ஒரு சுற்று, இரத்மலானையில் இருக்கும் தங்கை வீடு. ஒரு வருஷத்துத் திட்டம் முழுக்க அவரிடம் தயாராக இருந்தது. கிளைவ் அண்ணன் "ஓம், ஓம்" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

ரிஷாத் முப்பது வயதுக்காரன், கைத்தேர்ந்த வேலைக்காரன். அக்காவை நாற்காலியில் இருத்தி, நாற்காலியின் உயரம், வண்டித் தரையின் உயரம் எல்லாம் அளந்து சுவரில் சோக்குக் கட்டியால் எழுதினான். எந்த இடத்தில் வெட்டு விழும் என்று பொலித்தீன் உறையின்மேல் கோடு போட்டான். ஆம், அந்த உறை அன்றைக்கும் கிழிக்கப்படாமல் இருந்தது. பிறகு வேலைக்காரர் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவனும் கேட்டான். தண்டவாளத்தைத் தரையோடு வெல்ட் பண்ணினால் அசையாது, ஆனால் திரும்ப எடுக்க முடியாது. போல்ட் போட்டால் எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம், ஓட ஓட இளகும், அடிக்கடி முறுக்க வேண்டும். எது வேண்டும்?

"போல்ட்டையே போடுங்க," என்றார் கிளைவ் அண்ணன். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "வெட்டுற சீட்டையும் எறியவேண்டாம். பிறகு திருப்பிப் போடலாம்தானே."

ரிஷாத் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டான். "பொறகுன்னா எப்ப அங்கிள்? எவ்வளவு காலத்துக்கு வேணும்னு சொன்னா, அதுக்குத் தக்க இரும்பு போடலாம்."

கிளைவ் அண்ணனுடைய கழுத்து, காது எல்லாம் சிவந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஸ்டாண்டில் டீக் கோப்பையோடு நான் சொன்ன வார்த்தை அவருடைய வயிற்றுக்குள் இத்தனை மாதமும் இருந்திருக்கிறது. தகடு, ஆசீர்வாதம், தவக்காலம் எல்லாம் வெறும் சாட்டு; நான் சொல்ல முந்தியே அந்த எண்ணம் அவருக்குள் இருந்திருக்கும். மனிதர் காத்திருந்திருக்கிறார். எதற்கென்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

யோசெப்பின் அக்கா முட்டாள் இல்லை. அவர் புருஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரிஷாத்திடம் திரும்பினார். குரலில் ஒரு கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

"ஒரு மூண்டு நாலு வருஷம் தாங்கினாப் போதும் தம்பி. போல்ட்டே போடுங்க. அவருக்குக் கழட்ட லேசா இருக்கட்டும்."

கிளைவ் அண்ணன் வெளியே போய் ரோட்டோரம் நின்றார். பஸ்கள் அவருடைய சட்டையை உரசிக்கொண்டு போயின. கொஞ்ச நேரத்தில் வேகமாக உள்ளே வந்து, வெல்ட் பண்ணுங்கள், முழுவதும் வெல்ட் பண்ணுங்கள், பழைய சீட்டைக் குப்பையில் போடுங்கள் என்றார். சத்தம் அளவுக்கு மிஞ்சி வந்தது. ரிஷாத் யார் சொல்வதைக் கேட்பதென்று தெரியாமல் நின்றான். அக்கா கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் சொன்னதைச் செய்யுங்கள் தம்பி என்று மட்டும் சொன்னார். நான்கு போல்ட் போட்டான்.

அன்றிலிருந்து அக்கா எங்கேயும் தானாகவே ஏறிப் போகிறார். ஞாயிறு பூசையில் பழைய இடத்தில் இருக்கிறார். இரத்மலானைக்கும் போய் வந்தார். கிளைவ் அண்ணனோடு சண்டை பிடித்ததாகவோ, அழுததாகவோ ஒருவரும் சொல்லவில்லை. சோறு போடுகிறார், மருந்து எடுத்துத் தரச் சொல்லிச் சத்தம் போடுகிறார், எல்லாம் முன்போலத்தான். ஒன்று மட்டும் நடக்கவில்லை. கிளைவ் அண்ணன் மூன்று முறை ரிஷாத்திடம் போய் வெல்ட் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அக்கா சொன்னால் வைக்கிறேன் என்று அவன் திருப்பி அனுப்பிவிட்டான். அக்கா சொல்லவில்லை.

நானும் ஒருநாள் மன்னிப்புக் கேட்கலாமென்று அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்து, என் மகளின் படிப்பை விசாரித்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

எங்கள் ஒழுங்கை குண்டும் குழியும். ஆறு நாள் ஓட்டத்தில் போல்ட் நான்கும் இளகிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு, கிளைவ் அண்ணன் வண்டித் தரையில் முழங்கால் போட்டு ஸ்பேனரால் முறுக்குவார். அக்கா பக்கத்தில் நாற்காலியில் செபப்புத்தகத்தோடு இருப்பார். போன ஞாயிறு நான் அந்த வழியால், பெட்ரோல் தீர்ந்துபோன என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மூன்றாவது போல்ட் முடிந்து நான்காவதுக்கு அவர் கை போயிருந்தது.

"நல்லா முறுக்குங்க," என்றார் அக்கா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் இருக்கிறன்தானே."

அவர் தலை நிமிராமல் முறுக்கினார். எனக்கு அவர்களைக் கடந்து போகத் தைரியம் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனேன்.