சகலை வீட்டுத் தொட்டியில் பாசி இல்லை

லிப்ட் மெக்கானிக் வேலையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். கதவு மூடுகிற சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். லிப்ட் நடுவில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் வெளியிலிருந்து பேசுகிற பேச்சிலேயே பாதிப் பயம் போய்விடும். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வீட்டுக் கூடத்திலிருந்த நான்கடிக் கண்ணாடித் தொட்டி மட்டும் கைக்குள் அடங்க மறுத்தது.

அது உப்புநீர்த் தொட்டி. தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து, கடல் பாறைகளை அடுக்கி, ஆறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், பாறைமேல் விரல் விரலாக அசையும் பவளங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேராக அதன் முன்னால் போய் நிற்பார்கள். மாமியார் வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. மெக்கானிக்குக்கு மனசு குளிர்ந்துபோகும். மாமியார் பார்க்கட்டும் என்று மீன்களுக்கு இன்னொரு சிட்டிகை தீனி போடுவார்.

ஏழாம் வருஷம் பாசி வந்தது. முதலில் ஒரு பாறையின் ஓரத்தில் பச்சையாக, குழந்தைக்கு முளைக்கும் முடி மாதிரி. பரவாயில்லை என்று விட்டார். இரண்டே மாதத்தில் எல்லாப் பாறைக்கும் தாடி முளைத்துவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். பிய்ந்த துண்டுகள் மிதந்து போய் வேறு இடத்தில் பிடித்துக்கொண்டன. தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் இருட்டில் வைத்தார். பாசி வெளுத்தது, பத்தே நாளில் பழையபடி திரும்பியது. பாசி தின்னும் நத்தைகளை வாங்கிவிட்டார். அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. ஆனால் சகலை வீட்டுத் தொட்டி பளிங்காக இருந்தது.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அதிர்ந்து பேசாத ஆள். மெக்கானிக்கின் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கும் ஆசை வந்தது. முதல் பாறையைக் கொடுத்ததே மெக்கானிக்தான். இன்று அந்தப் பாறை ஊதா நிறத்தில் மினுங்குகிறது. மாமியார் இப்போது மாதக்கணக்கில் சின்ன மகள் வீட்டில்தான் இருக்கிறார்.

"அங்க தண்ணி இருக்கிறதே தெரியலைங்க. மீன் காத்துல நீந்துற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி ஒரு நாள், தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்து.

"தொட்டி புதுசு. அதான்."

"மூணு வருஷம் ஆச்சே!"

"மூணு வருஷம் எல்லாம் ஒரு வருஷமா?" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்து எழுந்தார். சோறு பாதி அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சகலை குடும்பம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் வெளியூர் கிளம்பியது. சாவியைக் கொண்டுவந்து இவரிடமே கொடுத்தார் சகலை.

"அண்ணா, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரே ஒரு சிட்டிகை போட்டா போதும். உங்களுக்குத் தெரியாததா!"

உங்களுக்குத் தெரியாததா என்ற அந்த ஒரு வார்த்தை மெக்கானிக்கைச் சுருக்கென்று குத்தியது. நக்கலாகச் சொல்கிறாரா, மரியாதையாகச் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தால் மரியாதைதான். அது இன்னும் எரிந்தது.

ஞாயிறு மதியம் போனார். யாருமில்லாத கூடத்தில் தொட்டி மட்டும் நீல வெளிச்சத்தில் நின்றது. பாறையில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். பின்பக்கம் பார்த்தார். தண்ணீர்க் குழாயின் வளைவைப் பார்த்தார். ஒன்றுமில்லை. தான் கொடுத்த பாறை நடுநாயகமாக உட்கார்ந்து, இவரைத் தெரியாதது மாதிரி இருந்தது.

சட்டைப் பையில் ஈரத்தோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் பை இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே, எதற்கென்று தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல், தொட்டியிலிருந்து ஒரு கொத்துப் பாசியைப் பிய்த்து அதில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முழங்கை வரை சட்டையை ஏற்றினார். அந்தப் பாறையின் இடுக்கில் பாசியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். கையைத் துடைத்தார். மீனுக்கு ஒரு சிட்டிகை போட்டார். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தார். கொத்து மெலிந்திருந்தது. வியாழக்கிழமை வெளுத்துப்போய் நாலைந்து இழைதான். சனிக்கிழமை இடுக்கு சுத்தமாக இருந்தது. நத்தை ஒன்று அந்த இடத்தைத் தாண்டி, அங்கே தனக்கு வேலை இல்லை என்பது போல ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது. தன் வீட்டில் அரக்கன் மாதிரி வளர்ந்த சனியன், இங்கே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பாசிகூட அந்த வீட்டில் அடங்கிப் போகிறதே!

குடும்பம் திரும்பிய மறுநாள் சாயங்காலம் சகலை வந்தார். இரண்டு கையிலும் இருபது லிட்டர் கேன். மெக்கானிக்கின் மனைவி, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. கேன்களைத் தொட்டி பக்கத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு சகலை சொன்னார்:

"அண்ணா, அது அங்க பிடிக்காது."

"எது?"

"இடுக்குல வச்சீங்களே, அது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அலமாரி மேல கேமரா இருக்கு அண்ணா. வெளியூர் போனா மீனைப் பார்க்கணும்னு வாங்கினேன்" என்றார்.

மெக்கானிக்குக்குக் காது மடல் வரை சுட்டது. எழுந்து போய் மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார். கடைசியில், "ஏன் உடனே போன் பண்ணல?" என்றார்.

"பண்ணலாம்னுதான் எடுத்தேன். நல்லா கத்தணும்னு இருந்துச்சு. நீங்க கொடுத்த கல்லு அண்ணா அது." சகலை கேன்களை இன்னும் கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைத்தார். "அப்புறம்... வளருதான்னு எனக்கே பார்க்கணும்போல ஆயிடுச்சு."

"வீட்டுல சொன்னீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லல."

சகலை பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை எடுத்தார். தொட்டித் தண்ணீரை அதில் மொண்டு இரண்டு மருந்தைச் சேர்த்துக் குலுக்கினார். தண்ணீர் கரு நீலமாக மாறியது. தன் கேன் தண்ணீரைச் சோதித்துக் காட்டினார், நிறமே வரவில்லை.

"நீலமா வர்றது பாஸ்பேட். பாசிக்கு அதுதான் சாப்பாடு. உங்க குழாய்த் தண்ணியிலயும் இருக்கு, நீங்க போடுற தீனியிலயும் இருக்கு. ஆறு வருஷமா கல்லுக்குள்ள ஊறியிருக்கு. எங்க வீட்டுல ஆர்.ஓ. மெஷின்ல வடிகட்டின தண்ணிதான் ஊத்துறேன். அதுக்கு அங்க திங்க ஒண்ணுமில்ல, செத்துப்போச்சு."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தார். "கேனை எப்பத் திருப்பித் தரணும்?" என்றுதான் வந்தது.

"மெதுவாத் தாங்க" என்று சொல்லிச் சகலை படியிறங்கினார். பாதிப் படியில் இருக்கும்போது மேலேயிருந்து, "சகலை, தப்புதான்" என்று ஒரு குரல் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

அன்றிலிருந்து வேலை ஒழுங்காக நடந்தது. பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உப்புநீர் வாளியில் வைத்துப் பாசியைக் கையால் பிய்த்தார். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றினார். தீனியைப் பாதியாகக் குறைத்தார். விருந்தாளி வந்தாலும் டப்பாவைத் தொடவில்லை. ஒரு மாதம் சகலை வீட்டுத் தண்ணீரைத் தூக்கி வந்தவர், அதற்கு மேல் மனசு ஒப்பாமல் சொந்தமாக ஒரு வடிகட்டி வாங்கிச் சமையலறையில் மாட்டினார். ஐந்தாம் மாதம் பாறைகள் தெரிந்தன. பின்மூலையில் மட்டும் ஒரு பச்சைத் திட்டு போகவேயில்லை.

"எப்படிங்க போச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"தண்ணிய மாத்தினேன்."

"உங்களுக்கா தோணுச்சு?"

அவர் தீனி டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். "சகலைதான் சொன்னாரு" என்றார். பல்லைப் பிடுங்கியது போல இருந்தது.

"நெனச்சேன். அவர் நிதானமான ஆளு" என்றாள் அவள்.

போன வாரம் சகலை ஆறடித் தொட்டி வாங்கினார். தண்ணீர் நிரப்பியதும் முதல் படத்தை இவருக்குத்தான் அனுப்பினார். மெக்கானிக் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறை வாசலில் நின்று பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, நாலு மூலையிலும், பாறை இடுக்கிலும், கண்ணாடி விளிம்பிலும் தேடினார். எங்கேயும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. 'நல்லா இருக்கு சகலை' என்று அடித்து அனுப்பிவிட்டு, கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.