பொக்லைனில் காய்ந்த ஜெர்சிகள்

"வடக்கு அறையில் இருப்பவர் வயது முதிர்ந்த, அமைதியான, ஒத்துழைக்கக்கூடிய பெண்மணி" என்று எழுதியிருந்தது, மைதானத்தை இடிக்கும் முன் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பு. வயது ஐம்பத்தொன்று. அமைதியைப் பற்றி அவருடைய கணவரிடம் கேட்கலாம். பேச வாய்ப்புக் கிடைத்தால் சொல்வார்.

கால்பந்து மைதானத்தின் வடக்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில், கூரை சரிவான அறையில், உள்ளூர் அணியின் ஜெர்சிகளைத் துவைப்பது அவர் வேலை. ஆட்டக்காரர்களுக்கு அவர் ஜெர்சி அக்கா. கால்பந்து அவருக்குப் பிடிக்காது. "உதைக்கப் பதினோரு பேரு, துவைக்க நான் ஒருத்தி. இதுல கைதட்டு யாருக்கு?" என்பார். துவைத்தவற்றை மாடத்து இருக்கைகளின் முதுகில் எண்வாரியாக விரிப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் பதினோரு பேர் மட்டும் ஆட்டம் பார்க்க வந்ததுபோல இருக்கும். சில வருடங்களில் ஆட்ட நாளிலும் கூட்டம் அவ்வளவுதான்.

குளத்தைத் தூர்த்துக் கட்டிய மைதானம் அது. திறப்பு விழாவன்றே வடக்கு கோல் பக்கம் நீர் ஊறியது. வெளியூர் அணிகள் அங்கே வழுக்கி விழுவதில் நகரத்துக்குப் பெருமை. நம் ஆட்களும் அதே அளவுக்கு விழுந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பிறகு மாடங்கள் வந்தன, விளக்குகள் வந்தன, கடைசியில் வணிக வளாகத்துக்கான வரைபடம் வந்தது.

கடைசி ஆட்டம் முடியும்வரை கைவைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த மாநகராட்சி, அதற்கு முந்தைய புதன்கிழமைக்குள் மூன்று மாடங்களைத் தரைமட்டமாக்கிவிட்டது. ஒரு மாடமாவது நின்றால்தான் ஆட்டம் நடத்தலாம் என்பது கால்பந்துச் சங்கத்தின் விதி; ஞாயிறன்று அதுவும் இல்லையென்றால் ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும்.

வியாழன் காலை ஓட்டுநர் வந்தபோது, வடக்கு மாடத்தின் முன் நிறுத்தியிருந்த பொக்லைனின் நீண்ட கையில் ஜெர்சிகள் சொட்டச் சொட்டத் தொங்கின. கோல்கீப்பருடையது முன்கண்ணாடியை மூடிக்கொண்டிருந்தது.

"அக்கா, துணிய எடுங்க. வண்டிய எடுக்கணும்."

"சீட்டெல்லாம் பிடுங்கிட்டீங்க. வேற எங்க காயப்போடுறது, உன் தலையிலயா? ஈரமா இருக்குப்பா, காயட்டும்."

"நானே எடுத்து வைக்கட்டுமா?"

"தொட்டுப் பாரு. கையெல்லாம் கிரீஸ். அப்புறம் அத்தனையும் நீதான் துவைக்கணும்."

ஓட்டுநர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு நிழல் தேடிப் போனார்.

வேலை நேரம் முடிந்த பிறகே துணி காய்ந்தது. மறுநாள் காலையிலும் அதே இடத்தில் அதே ஈரம். மாநகராட்சிப் பொறியாளர் வந்தார்.

"ஏம்மா, நேத்து துவைச்சதுதானே இது?"

"நேத்து குளிச்சாச்சுன்னு இன்னைக்குக் குளிக்காமலா வந்தீங்க சார்?"

"போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

புகாரில் என்ன எழுதுவது என்று பொறியாளர் யோசித்தார். 'ஒத்துழைக்கக்கூடிய பெண்மணி' என்ற அந்தக் கணக்கெடுப்பில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். சனிக்கிழமை அவர் வரவேயில்லை. ஜெர்சிகள் வந்தன.

ஞாயிறன்று நகரம் மூன்று பக்கமும் இடிபாடுகளின் மேல் ஏறி நின்று ஆட்டம் பார்த்தது. பல வருடங்களாகக் காணாத கூட்டம். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். கீழ்ப்பிரிவுக்கும் இறங்கினோம்.

"இதுக்குத்தானா இவ்வளவும் பண்ணே?" என்றார் கணவர்.

"தோத்தாங்க, சரி. ஆடித் தோத்தாங்க. ஆட விடாமயே தோக்கடிக்க இவங்க யாரு?"

திங்கட்கிழமை வடக்கு மாடமும் விழுந்தது. கால்பந்து பிடிக்காத அந்தப் பெண், அழுக்கே இல்லாத ஜெர்சிகளை மூன்று நாள் திரும்பத் திரும்பத் துவைத்து, கடைசி ஆட்டத்தை நடக்க வைத்தார்.